‘இருந்திருந்தால்’ என்பதை ஸ்பானிய மொழியில் சொல்ல எந்த வழியில் படிக்கலாம்?

இலங்கை மலையகத்தில், அப்புத்தளையிலிருந்து தம்பதென்னைக்குப் போகும் பாதையில் ஒரு லயத்து வாசல். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். பீலியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்பெயினிலிருந்து வந்திருந்த கணவன் மனைவிக்கு அந்த வீட்டுப் பாட்டி இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி கொடுத்தார். பேச்சு எங்கெங்கோ போய், 1964 ஒப்பந்தத்தில் வந்து நின்றது. இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று இந்திய வம்சாவளி மக்களைப் பிரித்தார்கள். தோட்டம் தோட்டமாகக் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் போன சனத்தின் கதையைப் பாட்டி சொன்னார். கடைசியில் இப்படி முடித்தார்:

“அன்னைக்கு எங்கப்பா கப்பல் ஏறியிருந்தாருன்னா, நான் இங்க இருக்கவே மாட்டேன் தம்பி.”

இதை நான் ஸ்பானிய மொழியில் “சி மி பாத்ரே சுபியோ அல் பார்கோ, நோ எஸ்தோய் ஆகி” என்று சொன்னேன். அந்தப் பெண்மணி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்பா உங்களை விட்டுப் போனபோது உங்களுக்கு என்ன வயது?” என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னதும் பாட்டி திகைத்துவிட்டார். “எங்கப்பா எங்கய்யா போனாரு? இந்த மலையிலதானே கெடந்து மண்ணாப் போனாரு.”

நான் சொன்ன ‘சுபியோ’வின் பொருள் ‘ஏறினார்’. ‘ஏறியிருந்தால்’ என்று சொல்ல எனக்கு அன்றைக்குத் தெரியாது. நடக்காமல் போன ஒன்றை நடந்ததாக்கி, ஒரு மனுசியின் வாழ்க்கைக் கதையையே மாற்றிவிட்டேன். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது “சி மி பாத்ரே உபியேரா சுபிதோ அல் பார்கோ, யோ நோ எஸ்தாரியா ஆகி.” அந்த ‘உபியேரா’தான் விஷயம். ஆங்கிலப் புத்தகங்கள் இதை இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் என்கின்றன. நடக்காதது, நடக்க வாய்ப்பில்லாதது, ஒருவர் ஆசைப்பட்டது, ஒருவர் கேட்டுக்கொண்டது ஆகியவற்றைச் சொல்ல ஸ்பானியர் வைத்திருக்கும் வினை வடிவம் அது.

எல்ல, அப்புத்தளை, நானுஓயா, நல்லதண்ணிப் பக்கம் வழிகாட்டிகளாகவும் விடுதிகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சிலர் இப்போது ஸ்பானிய மொழி படிக்கிறார்கள். அவர்களில் ஒரு தங்கச்சி போன வாரம் கேட்டாள்: “அண்ணே, இந்தப் பாடத்த இங்கிலீஷ் புத்தகத்துல படிக்கவா, போன்ல கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணவா, இல்ல நீங்க சொல்ற மாதிரி தமிழ்ல இருந்தே போகவா?” இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அவர்களுடைய ‘த’ நம்முடைய ‘த’ போலப் பல்லில் பட்டு வருவதுதான். ஆங்கில வழியில் படித்தவர்கள் அதை ‘ட’ ஆக்கிச் சொல்வார்கள். எழுத்தில் ‘வி’ இருந்தாலும் வாயில் ‘பி’ போலத்தான் வரும். ‘துபியேரா’ என்று நான் எழுதுவதை, ‘கபிலன்’ என்பதில் வரும் மென்மையான ‘பி’யோடு வாசித்தால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

ஆங்கிலப் புத்தக வழி

கடையில் வாங்கக் கிடைப்பதும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதும் பெரும்பாலும் இதுதான். ஒழுங்கு உண்டு, பயிற்சி உண்டு, விடை உண்டு. ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் டெலே தேர்வு எழுத நினைப்பவர்கள் இதை விட்டுவிட முடியாது. அந்தப் பாடத்திட்டத்தில் இந்த வடிவம் பி2 என்ற நான்காம் நிலையில் வருகிறது. அதற்கு முன்னால், பி1 என்ற மூன்றாம் நிலையில், இதன் நிகழ்கால வடிவமான நிகழ்கால சப்ஜங்டிவைப் படித்து முடிக்க வேண்டும். சாயந்தரம் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படிக்கும் பிள்ளைக்கு அந்த இடத்துக்கு வந்து சேரவே நெடுநாளாகும்.

இந்த வழியின் பெரிய நன்மை, ஆங்கிலத்தில் ‘வுட்’ என்ற சொல் இருப்பது. ‘இறக்கை இருந்தால் பறப்பேன்’ என்பதில் ‘பறப்பேன்’ நமக்கு வெறும் எதிர்காலம். ஸ்பானியருக்கு அது எதிர்காலமான ‘போலரே’ ஆகாது, ‘போலரியா’ என்றுதான் வர வேண்டும். ஆங்கிலம் பழகியவர் ‘வுட்’ வரும் இடத்திலெல்லாம் ‘-ரியா’ போட்டுத் தப்பித்துக்கொள்வார். தமிழ் இங்கே கை கொடுக்காது. இதை மறைக்காமல் ஒத்துக்கொள்ள வேண்டும்.

குறை எங்கே என்றால், ஆங்கிலத்தில் ‘இஃப் ஐ ஹேட்’ என்கிறபோது அந்த ‘ஹேட்’ சாதாரணக் கடந்தகாலத்தின் சொல்லே. தனி உருவம் கிடையாது. அதனால் ஆங்கிலம் வழியாக வருபவர் ‘சி தெனியா’ என்று சொல்லிவிடுவார். ‘தெனியா’வின் பொருள் ‘என்னிடம் முன்பு இருந்தது’. ‘இருந்தால்’ என்பதற்கு ‘சி துபியேரா’ வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உடை. உடையை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் சொல்லப் பழகியவருக்கு ஸ்பானிய மொழியில் தடுமாற்றம்.

இன்னொன்றும் உண்டு, அது நம் ஊருக்கே உரியது. தோட்டப் பாடசாலையில் சாதாரண தரம் வரை தமிழில் படித்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணச் சொற்களே புதிது. ஒரு தெரியாத மொழியை இன்னொரு பாதி தெரிந்த மொழியின் வழியாகப் படிக்கும்போது, புரியாத இடத்தில் எது புரியவில்லை என்றே தெரியாது. ஸ்பானியம் கடினமா, விளக்கிய ஆங்கிலம் கடினமா என்று பிரிக்க முடியாமல் ‘எனக்கு மொழி வராது’ என்று கொப்பியை மூடிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு மொழி வராமலில்லை. வீட்டில் தமிழ், கடையில் சிங்களம் என்று ஒரு நாளில் பத்துத் தடவை மொழி மாறும் பிள்ளைகள் அவர்கள்.

காதால் கேட்டு மனப்பாடம் செய்யும் வழி

இதற்கு நான் ஒரு காலத்திலும் எதிரியாக இருந்ததில்லை. இன்றைக்குக் கற்றது நாளைக் காலையே உதவும். ‘கிசியேரா’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘கியேரோ உன் தே’ என்றால் ‘எனக்கு ஒரு தேத்தண்ணி வேணும்’. ‘கிசியேரா உன் தே’ என்றால் ‘ஒரு தேத்தண்ணி கிடைத்தால் நல்லது’ என்ற பணிவு. வடிவத்தைப் பார்த்தால் ‘கிசியேரா’ முழுக்க முழுக்க நாம் பேசும் இந்த வினைதான். ஆனால் அதைச் சொல்ல இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. விடுதியில் சாப்பாட்டு ஓர்டர் எடுக்கும் தம்பிக்கு விருந்தாளி சொல்லும் ‘கிசியேரா’ புரிந்தால் போதும், அவனுடைய வேலை நடக்கும்.

‘ஒஹலா’வும் அப்படியே. அரபு மொழியிலிருந்து ஸ்பானியத்துக்குள் வந்த சொல், இறைவன் நாடினால் என்ற வேரிலிருந்து பிறந்தது. நம் பக்கத்து முஸ்லிம் கடைக்காரர் வாயில் வரும் ‘இன்ஷா அல்லாஹ்’வுக்கு அது தூரத்துச் சொந்தம். ‘ஒஹலா யுவேபா’ என்றால் ‘மழை பெய்யட்டும், பெய்யக்கூடும்’. ‘ஒஹலா யொபியேரா’ என்றால் ‘பெய்தால் எவ்வளவு நல்லது, ஆனால் பெய்யிற மாதிரித் தெரியலையே’. இப்படிப் பதினைந்து இருபது வாக்கியங்களை மனதில் ஏற்றிவிட்டால், கண்டியிலிருந்து எல்ல வரை கோச்சியில் ஒரு குடும்பத்தோடு பேசிக்கொண்டே வரலாம்.

ஆனால் அந்த வாக்கியங்கள் அச்சில் வார்த்தவை. ஒரு சொல்லைக் கழற்றி இன்னொன்றை மாட்டத் தெரியாது. ‘கோமோ சி ஃபுவேரா’, அதாவது ‘ஏதோ அதுவாக இருக்கிற மாதிரி’ என்பதை நன்றாகச் சொல்லும் ஒருவரிடம், ‘ஏதோ தெரிந்த மாதிரி’ என்று மாற்றச் சொன்னால் நின்றுவிடுவார். ‘கோமோ சி சுப்பியேரா’ அவர் மனப்பாடத்தில் இல்லை. சுற்றுலாப் பயணிகளும் நம்மைத் திருத்துவதில்லை. ஸ்பானிய மொழியில் நாலு வார்த்தை பேசினாலே மனம் குளிர்ந்துவிடுகிறார்கள். பிழையைச் சுட்டிக்காட்டுவது மரியாதையில்லை என்று நினைக்கிறார்கள். நானும் தம்பதென்னைப் பாட்டியின் முன்னால் போய் நிற்கும் வரை இந்த வழியில் வந்தவன்தான். அதுவரை யாரும் என்னைத் திருத்தியதில்லை.

காதையே நம்பினால் வேறொரு குழப்பமும் வரும். ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியிலும் பூர்கோஸ் பக்கத்திலும், ‘சி துபியேரா’ என்று வர வேண்டிய இடத்தில் ‘சி தெந்த்ரியா’ என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் ஊர்ப்பேச்சு, எழுத்து வழக்கில் ஏற்பதில்லை. ‘சி லோ சே, நோ பெங்கோ’ என்றும் கேட்கலாம். நேர் பொருள் ‘தெரிந்தால் வரமாட்டேன்’, அவர்கள் சொல்ல வருவதோ ‘தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன்’. பேச்சில் இது சகஜம். அடிப்படை தெரிந்தவர் இவற்றைக் கேட்டு ரசிக்கலாம். தெரியாதவர் இவற்றையே விதியாக எடுத்துக்கொள்வார்.

தமிழிலிருந்து போகும் வழி

இதில்தான் என் மனம் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

‘வா’ என்பது வினை. ‘வந்தேன்’ கடந்தகாலம். நிபந்தனை சொல்லும்போது என்ன செய்கிறோம்? ‘வந்தால்’ என்கிறோம். ‘வாவால்’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. சொன்னேன், சொன்னால். போனேன், போனால். கேட்டேன், கேட்டால். படித்தேன், படித்தால். ஏறினேன், ஏறினால். கடந்தகால வினையின் அடியை எடுத்து, அதில் ‘ஆல்’ சேர்க்கிறோம். இன்னும் நடக்காத ஒன்றைச் சொல்வதற்கு, நடந்து முடிந்ததன் அடியைக் கடன் வாங்குகிறது தமிழ். ‘ஆனால்’ என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் போடுகிறோமே, அதுவும் ‘ஆனது’ என்பதன் அடியில் பிறந்ததுதான்.

ஸ்பானியமும் அதையே செய்கிறது. கடந்தகாலத்தில் ‘அவர்கள் வந்தார்கள்’ என்பது ‘பினியேரோன்’. கடைசியிலுள்ள ‘ரோன்’ என்பதை எடுத்துவிட்டு ‘ரா’ போடுங்கள், ‘பினியேரா’. ‘சொன்னார்கள்’ என்பது ‘திஹேரோன்’, அதிலிருந்து ‘திஹேரா’. ‘வைத்திருந்தார்கள்’ என்பது ‘துபியேரோன்’, அதிலிருந்து ‘துபியேரா’. ‘பேசினார்கள்’ என்பது ‘அப்லாரோன்’, அதிலிருந்து ‘அப்லாரா’. ‘கேட்டுக்கொண்டார்கள்’ என்பது ‘பிதியேரோன்’, அதிலிருந்து ‘பிதியேரா’. ‘போனார்கள்’, ‘இருந்தார்கள்’ இரண்டுமே ‘ஃபுவேரோன்’, இரண்டிலிருந்தும் ‘ஃபுவேரா’. இந்த விதிக்கு விலக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஸ்பானிய வினைகளில் இப்படிச் சுத்தமான விதி கிடைப்பது அபூர்வம். கடந்தகாலத்தில் ‘அவர்கள்’ வடிவம் சரியாகத் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும். அந்த ‘அவர்கள்’ வடிவத்தில் முறை தவறிப் போகும் முக்கியமான வினைகள் ஒரு பதினைந்து இருக்கும், அவ்வளவுதான்.

சிங்களத்திலும் இதே கூத்து நடக்கிறது என்று ஒருநாள் பண்டாரவளை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது உறைத்தது. ‘கியா’ என்றால் போனது, ‘கியொத்’ என்றால் போனால். ‘ஆவா’ என்றால் வந்தது, ‘ஆவொத்’ என்றால் வந்தால். ஆக, நம் பிள்ளைகள் இரண்டு மொழியில் ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருக்கும் வேலை இது. புதிதாகக் கற்றுக்கொடுக்க எதுவுமில்லை, ஞாபகப்படுத்தினால் போதும். ஆங்கிலப் புத்தகம் இந்த இடத்தை ஒருபோதும் காட்டாது, ஏனென்றால் ஆங்கிலத்துக்கு இப்படி ஒரு ‘-ஆல்’ இல்லை.

தமிழ் இன்னும் ஒரு இடத்தில் ஆங்கிலத்தைவிடத் தெளிவாக வழிகாட்டுகிறது. நானுஓயா ஸ்டேஷனில் பயணிகளோடு நிற்கிறோம், வேன்காரர் போனில் பேசுகிறார். அவர் சொன்னதை நான் பயணிகளுக்குச் சொல்ல வேண்டும். ‘உங்களைக் காத்திருக்கச் சொன்னார்’ என்றால் ‘திஹோ கே எஸ்பெராரான்’. ‘நீங்கள் காத்திருப்பதாகச் சொன்னார்’ என்றால் ‘திஹோ கே எஸ்பெராபான்’. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். முதலாவது கட்டளை, இரண்டாவது தகவல். தமிழில் ‘-அச் சொன்னார்’ வந்தால் ‘ரா’ போடுங்கள். ‘-ஆகச் சொன்னார்’ வந்தால் போடாதீர்கள். இந்த ஒரு அளவுகோல் எனக்குக் கிடைத்த பிறகு இந்த வகை வாக்கியத்தில் நான் தவறியதே இல்லை. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: நம்முடைய ‘காத்திருக்க’ யாருக்கும் பொதுவானது, ஆள் காட்டாது. ஸ்பானியத்தில் ஆள் ஏற ஆள் விகுதி மாறும். நீ என்றால் ‘ராஸ்’, நாங்கள் என்றால் ‘ராமோஸ்’, அவர்கள் என்றால் ‘ரான்’. ஸ்பெயின்காரர்கள் நண்பர்களை ‘நீங்கள்’ என்று கூப்பிடும்போது ‘ராயிஸ்’. ‘நான்’, ‘அவர்’ இரண்டுக்கும் ஒரே ‘ரா’ என்பதால், குழப்பம் வரும் இடத்தில் ‘யோ’ அல்லது ‘எல்’ என்று ஆளையும் சேர்த்துச் சொல்வார்கள்.

இனி, தமிழ் நம்மை எங்கே ஏமாற்றும் என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குச் செய்யும் துரோகம்.

நமக்கு ‘-ஆல்’ ஒன்றே ஒன்றுதான். ‘நாளைக்கு மழை பெய்தால் மலை ஏற மாட்டோம்’ என்பதும் ‘-ஆல்’. ‘எனக்கு இறக்கை இருந்தால் பறப்பேன்’ என்பதும் ‘-ஆல்’. ஸ்பானியர் இரண்டையும் வேறு வேறு பெட்டியில் வைக்கிறார்கள். மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். அதற்கு ‘சி யுவேபே மன்யானா, நோ சுபிமோஸ்’ என்று சாதாரண நிகழ்காலம் போதும். இறக்கை முளைக்கப் போவதில்லை, அதற்குத்தான் ‘சி துபியேரா ஆலாஸ், போலரியா’. ‘-ஆல்’ வந்த இடத்திலெல்லாம் ‘ரா’ போட்டால், நாளைக்கு மழை வரவே வராது என்று நீங்கள் நினைப்பதாகப் பயணி எடுத்துக்கொள்வார். நல்லதண்ணியில் நின்று, சிவனொளிபாதமலை ஏற வந்தவரிடம் அப்படிச் சொன்னால் அவர் மழைக்கோட்டை அறையிலேயே வைத்துவிட்டு வருவார்.

இதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உபாயம் ஒன்று உண்டு. ‘-ஆல்’ முடிந்ததும் மனதுக்குள் ‘ஆனா இல்லையே’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் ‘ரா’. ‘பார்ப்போம்’ என்று சேர்த்தால்தான் பொருந்துகிறது என்றால் சாதாரண நிகழ்காலம். ‘நேரம் இருந்தா வாறேன், பார்ப்போம்’ என்பது ‘சி தெங்கோ தியெம்போ’. ‘நேரம் இருந்தா வருவேன், ஆனா இல்லையே’ என்பது ‘சி துபியேரா தியெம்போ’. ‘சி’க்குப் பின்னால் நிகழ்கால சப்ஜங்டிவ் வராது. எனவே இந்த இரண்டு பெட்டிக்கு மேல் மூன்றாவது பெட்டி வேண்டாம்.

முடிந்துபோன விஷயம் என்றால் நம் ‘-இருந்திருந்தால்’ அங்கே ‘உபியேரா’ ஆகும். ‘ஏறியிருந்தால்’ என்பது ‘உபியேரா சுபிதோ’. இந்த இடத்தில் தமிழும் ஸ்பானியமும் கை கோத்து நடக்கின்றன. ‘ஏறி’ ஒரு பக்கம், ‘இருந்தால்’ ஒரு பக்கம். ‘சுபிதோ’ ஒரு பக்கம், ‘உபியேரா’ ஒரு பக்கம். வரிசை மட்டும் தலைகீழ்.

‘மாதிரி’ என்ற சொல்லும் ஏமாற்றும். ‘தெரிந்த மாதிரி பேசுகிறார்’ என்பதில் அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று தமிழ் வாய் திறக்காது. ஸ்பானியத்தில் ‘கோமோ சி’ போட்டால் அதற்குப் பின்னால் எப்போதும் ‘ரா’தான். இது எளிது, யோசிக்கவே வேண்டாம். ‘-ஆலும்’ கொஞ்சம் யோசிக்க வைக்கும். ‘மழை பெய்தாலும் போவோம்’ என்று நடக்கக்கூடியதைச் சொன்னால் ‘ஔன்கே யுவேபா’. பெய்ய வாய்ப்பே இல்லை என்று நினைத்துச் சொன்னால் ‘ஔன்கே யொபியேரா’. இதற்கும் அந்த ‘பார்ப்போம்’ அளவுகோலே போதும்.

‘ரா’வா, ‘சே’யா

எந்த வழியில் போனாலும் இந்தச் சந்திக்கு வந்து நிற்க வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு வடிவம். ‘துபியேரா’ என்றும் சொல்லலாம், ‘துபியேசே’ என்றும் சொல்லலாம். ‘அப்லாரா’, ‘அப்லாசே’. எந்தப் புத்தகமும் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பிள்ளையைப் பயமுறுத்தும்.

இரண்டும் இலத்தீனிலிருந்து வெவ்வேறு பாதையில் வந்தவை. ‘சே’ அங்கேயும் சப்ஜங்டிவ். ‘ரா’ அங்கே சாதாரணக் கடந்தகாலத்துக்கும் முந்தைய காலமாக, ‘செய்திருந்தான்’ என்ற பொருளில் இருந்தது. அந்தப் பழைய வாசனை இன்றும் செய்தித்தாளில் அடிக்கும். ‘எல் கே ஃபுவேரா பிரெசிதெந்தே’ என்று எழுதினால் ‘ஒரு காலத்தில் ஜனாதிபதியாக இருந்தவர்’ என்று பொருள், ‘இருந்தால்’ என்று அல்ல.

பேசுவதற்கு ‘ரா’தான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஸ்பெயினிலும் தென்னமெரிக்காவிலும் ‘ரா’வே அதிகம் புழங்குகிறது. ‘சே’யைத் தென்னமெரிக்கர் பேச்சில் கேட்பது அரிது, ஸ்பெயின்காரர் வாயில் அவ்வப்போது வரும், எழுத்தில் வரும். அதற்கு மேல், ‘கிசியேரா உன் தே’ என்ற பணிவுக்கு ‘சே’ சரிவராது. ‘கிசியேசே உன் தே’ என்று யாரும் கேட்பதில்லை. ‘ரா’ தெரிந்தவர் ‘சே’ இல்லாமல் வாழலாம். ‘சே’ மட்டும் தெரிந்தவருக்கு ஒரு தேத்தண்ணிகூடப் பணிவாகக் கேட்க முடியாது.

‘சே’க்கு ஒரு நன்மையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ‘எஸ்பெராரா’ என்று தமிழில் எழுதினேன். ஸ்பானியத்தில் அது இரண்டு சொல். நடுவிலுள்ள ‘ரா’வை அழுத்தினால் ‘காத்திருக்க’ என்கிற நம் வடிவம். கடைசி ‘ரா’வை அழுத்தினால் ‘காத்திருப்பார்’ என்ற எதிர்காலம். ‘அப்லாரா’வுக்கும் அதே கதை. தமிழ்ப் பேச்சில் அழுத்தத்தை மாற்றினால் பொருள் மாறுவதில்லை, அதனால் நம் காதுக்கு இந்த வித்தியாசம் முதலில் கேட்கவே கேட்காது. ‘எஸ்பெராசே’யில் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் இதற்காக ‘சே’க்குப் போகச் சொல்ல மாட்டேன். இரண்டு அழுத்தத்தையும் ஒரு வாரம் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் காது பிடித்துக்கொள்ளும். ‘ராமோஸ்’ வரும்போதும் அழுத்தம் அதற்கு முந்திய அசையில் விழும், ‘துபியேராமோஸ்’ என்பதில் ‘யே’யை அழுத்த வேண்டும். ‘சே’யைக் கேட்டால் அடையாளம் தெரிந்தால் போதும், வாயில் வர வேண்டியதில்லை.

யாருக்கு எது

விடுதியில் சமையலறையிலோ வரவேற்பிலோ நிற்பவர், மொழிக்கென்று நேரம் ஒதுக்க முடியாதவர், காதால் படிக்கும் வழியிலேயே போகட்டும். ‘கிசியேரா’, ‘ஒஹலா’, ‘கோமோ சி ஃபுவேரா’ மூன்றையும் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.

டெலே எழுதி, அந்தச் சான்றிதழோடு வேலை தேட நினைப்பவருக்கு ஆங்கிலப் புத்தகம் தவிர்க்க முடியாது. கேள்வித்தாளின் பழக்கம் அதில்தான் வரும். ஆனால் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு வாரம் தமிழ் வழியில் அடித்தளம் போட்டுக்கொண்டு போனால், அங்கே படிக்கும் பட்டியல் அந்நியமாக இருக்காது.

மற்றவர்கள், அதாவது பயணிகளோடு மலையில் நடந்து, நம் சனத்தின் கதையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையில் இருப்பவர்கள், தமிழிலிருந்தே போக வேண்டும் என்பது என் முடிவு. ஏனென்றால் அவர்கள் மொழிபெயர்க்கப் போவது தமிழைத்தான். லயத்து வாசலில் உட்கார்ந்து பேசும் எந்தப் பெரியவரின் பேச்சிலும் பத்து நிமிடத்துக்குள் ஒரு ‘இருந்திருந்தா’ வந்துவிடும். காணி கொடுத்திருந்தா, பள்ளிக்கூடம் இருந்திருந்தா, அந்தப் பத்துப் பேர்ச் காணிய அன்னைக்கே எழுதிக் குடுத்திருந்தா. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போனால் அந்தப் பெருமூச்சு நடுவழியில் தொலைந்துவிடுகிறது. ‘-ரியா’ விஷயத்தில் மட்டும் ஆங்கிலத்தின் ‘வுட்’டைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். அது தெரியாதவர்கள், ‘ஆனா இல்லையே’ என்பதற்குப் பின்னால் வரும் வினை எப்போதும் ‘-ரியா’ என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த முடிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கடந்தகாலத்தின் ‘அவர்கள்’ வடிவம் தண்ணீர் பட்ட பாடாகத் தெரிய வேண்டும். அது தெரியாமல் தொடங்கினால் எந்த வழியும் உதவாது. ‘திஹேரோன்’ என்பதை ‘திஹியேரோன்’ என்று பிழையாகப் பழகியவர் ‘திஹியேரா’ என்றுதான் போவார். அஸ்திவாரத்தின் பிழை கூரை வரை போகும். அப்படிப்பட்டவர் ஒரு மாதம் பின்னால் போய், நேற்று நடந்ததையெல்லாம் ‘அவர்கள் செய்தார்கள்’ என்று ஸ்பானியத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு வரட்டும். கொழுந்து எடுத்தார்கள், ஸ்டோருக்கு அனுப்பினார்கள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்றார்கள். நம் தோட்டத்தில் ஒரு நாள் நடப்பதைச் சொன்னாலே தேவையான வினைகளில் பாதி வந்துவிடும்.

கேட்ட தங்கச்சி அவளுடைய கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். அவளுடைய ‘அவர்கள்’ வடிவங்கள் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சரியாக இருந்தன. ‘த்ராஹேரோன்’ மட்டும் திருத்தினேன், ‘யே’ போட்டிருந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அவளுடைய அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாயில் வரும் ஒவ்வொரு ‘இருந்திருந்தா’வையும் தமிழிலேயே எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அந்த வாக்கியங்களை வைத்துத்தான் ‘உபியேரா’ தொடங்கப் போகிறோம்.